பேபி ஸ்ரீதேவிக்கும் ஸ்ரீதேவிக்கும் நடுவுல

முதல்ல ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. மனக்கணக்கே போதும்.

ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட் 13, சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில். கே.பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' வெளியானது 1976 அக்டோபர். கழிச்சுப் பாருங்க. பதிமூணு வயசு, ரெண்டு மாசம். படப்பிடிப்பு இதுக்கும் முன்னாடி நடந்திருக்கணும். ஆக, கமலும் ரஜினியும் ஒரே பொண்ணு மேல ஆசைப்படற கதையில, அந்தப் பொண்ணா நடிச்சது எட்டாங்கிளாஸ் படிக்க வேண்டிய ஒரு குழந்தை. அப்ப கமலுக்கு 21, ரஜினிக்கு 25.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஏரியில படகு போகுது. காதலன் தண்ணியில விழறான். காப்பாத்த வேண்டிய நண்பன் காப்பாத்தாம துடுப்பைப் போட்டுக்கிட்டே இருக்கான். பின்னாடி அந்த நண்பனோட அப்பாவையே கல்யாணம் பண்ணிக்கிட்டு, அவனுக்குச் சித்தியா அந்த வீட்டுக்குள்ள வந்து உட்கார்றா அவ. ரஜினியோட வில்லத்தனம் பத்தியும் பாலசந்தர் டச் பத்தியும் நம்ம ஆளுங்க எழுதாத பதிவு இல்லை. தெலுங்குல கே.விஸ்வநாத் எடுத்த 'ஓ சீத கதா'வோட ரீமேக் இதுங்கற பொது அறிவும் தவறாம வந்துடும். கதாநாயகியோட வயசு மட்டும், "ஸ்ரீதேவிக்கு அப்ப 13 வயசுதான்!"னு ஒரு ஆச்சரியக்குறியோட, துணுக்கு மாதிரி வந்துட்டுப் போயிடும்.

அந்த ஆச்சரியக்குறியோடதான் எனக்குச் சண்டை. அங்க வர வேண்டியது கேள்விக்குறி.

"அதான் நாலு வயசுலேருந்து நடிக்கறாங்களே, இதுல என்னய்யா புதுசா கண்டுபிடிச்சுட்ட?"ன்னு நீங்க கேக்கலாம். நான் பேச வந்ததே அதைப் பத்தித்தான்.

ஆரம்பத்துலேருந்து வருவோம். 1967ல் ஏ.பி.நாகராஜனின் 'கந்தன் கருணை'யில குட்டி முருகன். 1969ல் 'துணைவன்', அதுலயும் முருகன். அதே வருஷம் எம்.ஜி.ஆரோட 'நம் நாடு'. 1971ல் 'ஆதி பராசக்தி'யில மறுபடியும் வேலைக் கையில குடுத்துட்டாங்க. அதே 1971ல் சிவாஜியோட 'பாபு', மலையாளத்துல 'பூம்பாட்டா'. 'பூம்பாட்டா'வுக்குக் கேரள அரசோட சிறந்த குழந்தை நட்சத்திர விருது. மத்த குழந்தைகள் ரெண்டாம் வாய்ப்பாட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த வயசுல, இந்தக் குழந்தை மொழி விட்டு மொழி வசனம் பேசிக்கிட்டு இருந்தது. டைட்டிலில் பேர் 'பேபி ஸ்ரீதேவி'.

1975ல் இந்தியில 'ஜூலி'. லட்சுமிக்குத் தங்கச்சி. வயசு பதினொண்ணு. அடுத்த வருஷம் 'மூன்று முடிச்சு'. 'பேபி' போயாச்சு, புடவை வந்தாச்சு. குழந்தை வேஷத்துக்கும் கதாநாயகி வேஷத்துக்கும் நடுவுல இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு வருஷம்.

இப்ப அதே படத்துல இருந்த இன்னொரு குழந்தை நட்சத்திரத்தைப் பாருங்க. ஆமாங்க, கமலைத்தான் சொல்றேன். 'களத்தூர் கண்ணம்மா' வந்தது 1960ல், அஞ்சு வயசு. ஜனாதிபதி கையால பதக்கம். 1963 வரைக்கும் அஞ்சாறு படம். அதோட சினிமா அவரை விட்டுடுச்சு. டி.கே.எஸ். நாடகக் குழுவுக்குப் போனார். நடனம் கத்துக்கிட்டார். டான்ஸ் மாஸ்டர் தங்கப்பன்கிட்ட உதவியாளரா இருந்தார். சின்னச் சின்னதா தலை காட்டி, 1973ல் 'அரங்கேற்றம்', 1975ல் 'அபூர்வ ராகங்கள்'. ஏறக்குறைய பத்து வருஷ இடைவெளி. அந்தப் பத்து வருஷத்துல அவர் பாட்டுக்கு வளர்ந்தார், குரல் உடைஞ்சது, மீசை முளைச்சது, தப்பும் தவறுமா நாலு வேலை பார்த்தார். அந்தக் காலம் அவருக்குக் கஷ்டமா இருந்திருக்கும், மறுக்கலை. ஆனா அது அவரோட காலம். கேமரா அங்க இல்லை.

ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே பாலசந்தர். பையனுக்குப் பத்து வருஷம், பொண்ணுக்கு ஒரு வருஷம். ஏன்?

காரணம் ரொம்ப சிம்பிள்னு நினைக்கறேன். பன்னெண்டு வயசுப் பையனை ஹீரோவா யாராலயும் ஏத்துக்க முடியாது. ஹீரோ ஆம்பளையா இருந்தாகணும், நாலு பேரை அடிச்சாகணும். அதனால பையன் வளர்ற வரைக்கும் சினிமா காத்திருக்கும், இல்லேன்னா மறந்துடும். பொண்ணு விஷயத்துல அந்தத் தடையே கிடையாது. கொஞ்சம் உயரம் வந்துட்டாப் போதும். ஒரு புடவை, ஒரு கொண்டை, தேவைப்பட்டா டப்பிங் குரல். முடிஞ்சது. 'வெகுளி', 'மழலை மாறாத முகம்'னு நம்ம விமர்சனங்கள்ல கதாநாயகியைப் புகழ ஒரு பட்டியலே வெச்சிருக்கோம் பாருங்க, அதெல்லாம் ஒரு குழந்தைகிட்ட இயல்பாவே இருக்கற சமாச்சாரம். நம்ம சினிமா கதாநாயகிகிட்ட எதிர்பார்த்ததே அதைத்தான். நாமளும் அதைத்தான் ரசிச்சோம்.

சரி, 'மூன்று முடிச்சு' ஒரு விதிவிலக்குன்னு வெச்சுக்கலாமா? முடியலையே. 1977ல் 'காயத்ரி', சுஜாதா கதை. பொண்டாட்டிக்குத் தெரியாம படுக்கையறையைப் படம் பிடிச்சு விக்கற புருஷனா ரஜினி. அந்தப் பொண்டாட்டிக்கு நிஜ வயசு 14. 1978ல் 'சிகப்பு ரோஜாக்கள்', பெண்களைக் கொலை பண்ற கமலுக்கு மனைவி, வயசு 15. எல்லாத்துக்கும் மேல தெலுங்கு. 1972ல் 'படி பந்துலு'வில் என்.டி.ராமாராவுக்குப் பேத்தியா நடிச்ச அதே ஸ்ரீதேவி, 1979ல் 'வேட்டகாடு' படத்துல அவருக்கே ஜோடி. ஏழே வருஷம். தாத்தாவுக்கு வயசு 56, பேத்திக்கு இன்னும் 16 நிறையலை. இதை "என்.டி.ஆரின் இளமை"ன்னு எழுதறவங்களை நானே படிச்சிருக்கேன். என்னத்த சொல்ல.

ஸ்ரீதேவியோட இது நின்னுச்சான்னா, அதுவும் இல்லை. 1984ல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்துல குழந்தையா வந்து நம்மை அழ வெச்ச மீனா பிறந்தது 1976ல். 1991ல் 'என் ராசாவின் மனசிலே' வந்தப்ப 14 வயசு. அதுல ராஜ்கிரணுக்குப் பொண்டாட்டி, ஒரு குழந்தைக்கு அம்மா. 1993ல் 'எஜமான்', ஜோடி யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன், இல்லாட்டி பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. :-) இந்தப் படங்களை எல்லாம் தூக்கிக் கடாசுங்கன்னு நான் சொல்லலை. ஸ்ரீதேவி நடிகையே இல்லைன்னும் சொல்லலை. அப்படிச் சொன்னா '16 வயதினிலே' பார்த்த கண்ணு அவிஞ்சு போகும்.

அந்தப் படத்தையே எடுத்துக்குங்க. 1977 செப்டம்பர். பாரதிராஜாவுக்கு முதல் படம், ஸ்ரீதேவிக்கு வயசு 14. டீச்சராகணும், கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை வரணும்னு கனவு காணற மயிலா முதல் பாதியில வர்றது, சரி, வயசுன்னே வெச்சுக்குவோம். பட்டணத்து டாக்டர் ஏமாத்திட்டுப் போறான். ஊர் வாய்க்கு அவலாகி அம்மாவும் போய்ச் சேர்றா. அதுக்கப்புறம் வர்ற மயில் இருக்காளே, அவ பேசறது குறைஞ்சு போச்சு, பார்வை மாறிப் போச்சு. முன்னாடி எந்தச் சப்பாணியைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாளோ, அவனுக்கு முடி வெட்டிவிட்டு, அதட்டி, ஒரு மனுஷனா ஆக்கறா. கடைசியில ரயிலடியில உட்கார்ந்து காத்திருக்கா. அந்த முகம் வயசால வர்றது இல்லை. சுத்தமான நடிப்பு. முன்னாடி பின்னாடி நாம பார்த்த முப்பது வயசு நடிகைகள்கிட்ட வராதது இந்தப் பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட வந்தது.

அதனாலதான் இன்னும் உறுத்துது. பள்ளிக்கூடத்தைத் தாண்டி டீச்சராக ஆசைப்படற மயிலா நடிச்ச பொண்ணுக்குப் பள்ளிக்கூட வாழ்க்கையே ஒழுங்கா அமையலை. பள்ளி, கல்லூரி எல்லாம் தனக்குக் கிடைக்கலைங்கறதை ஸ்ரீதேவியே பின்னாளில் பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அதுல வருத்தமில்லைங்கற மாதிரியும் சொல்லியிருக்காங்க. அவங்க பெருந்தன்மை அது. அவங்களுக்கு வருத்தமில்லைங்கறதால நமக்கும் கேள்வி இருக்கக்கூடாதுன்னு ஆயிடாது.

அடுத்து 'மூன்றாம் பிறை'. 1982 பிப்ரவரி. விபத்துல அடிபட்டு, மனசளவுல சின்னக் குழந்தையாயிட்ட ஒரு பொண்ணு. ஊட்டி, நாய்க்குட்டி, மையைக் கொட்டறது, அடம், அழுகை. குழந்தைத்தனத்தை இவ்வளவு நல்லா எப்படிப் பண்ணாங்கன்னு இன்னிக்கும் பேசறோம். கமலுக்குத் தேசிய விருது கிடைச்ச படம். ஸ்ரீதேவிக்கு அப்ப வயசு 18. யோசிச்சுப் பாருங்க. நிஜமாவே குழந்தையா இருந்தப்ப 'பொம்பளையா நடி'ன்னு சொன்ன சினிமா, நிஜமாவே வயசுக்கு வந்த பெண்ணானதும் 'குழந்தையா நடி'ன்னு சொல்லியிருக்கு. ரெண்டையும் அவங்க பிரமாதமாப் பண்ணாங்க. ரெண்டுக்கும் நாம கைதட்டினோம். அவங்கவங்க வயசுல அவங்கவங்களா இருக்கறதுக்கு மட்டும் கால்ஷீட் கிடைக்கலை.

இனி வழக்கமான பதில்களுக்கு வருவோம்.

"அந்தக் காலத்துல பதிமூணு வயசுல கல்யாணமே பண்ணி வெச்சாங்க." பண்ணி வெச்சாங்க, சரி. ஆனா சட்டம் அன்னிக்கே அதை ஒத்துக்கலை. 1976ல் பெண்ணோட திருமண வயசு 15. 1978ல்தான் அதை 18 ஆக்கினாங்க. அதாவது, 'மூன்று முடிச்சு' கதையில வர்ற கல்யாணத்தை அந்த நடிகை நிஜத்துல பண்ணியிருந்தா, அந்தக் காலத்துச் சட்டப்படியே குற்றம். திரையில பண்ணா வெள்ளிவிழா.

"அம்மா கூடவே இருந்தாங்களே." இருந்தாங்க. ஷூட்டிங்குக்கு அம்மா ராஜேஸ்வரி துணையாப் போனது ஊரறிஞ்ச விஷயம். ஒரு தாய் மகளுக்குக் காவலா நின்னதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா காவல் வேற, முடிவெடுக்கற உரிமை வேற. ஒரு பன்னெண்டு வயசுக் குழந்தை, 'இந்தக் காட்சி எனக்கு வேண்டாம்'னு பாலசந்தர் முன்னாடி சொல்லியிருக்க முடியும்னு நினைக்கறீங்களா? எங்க துறையில, இன்ஜினியரிங் முடிச்சுட்டு 22 வயசுல வர்றவனையே, 'பாவம், சின்னப் பையன், இப்பவே கிளையண்ட் காலுக்கு உட்கார வைக்காதீங்க'ன்னு சொல்றோம்யா.

"அப்படி நடிச்சதாலதானே அவ்வளவு பெரிய நட்சத்திரம் ஆனாங்க?" இந்தக் கேள்விதான் உண்மையிலேயே ஆபத்தானது. ஜெயிச்ச ஒருத்தரை மட்டும் காட்டி ஒரு முறையை நியாயப்படுத்தறது. பழைய படங்களோட டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. எத்தனை 'பேபி', எத்தனை 'மாஸ்டர்'. அதுல எத்தனை பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கு? மறந்து போன பேர்கள்தான் அதிகம். அந்தக் குழந்தைகளும் பள்ளிக்கூடத்தை விட்டுட்டுத்தான் விளக்கு வெளிச்சத்துல நின்னாங்க. அவங்களுக்கு 'ஹிம்மத்வாலா' கிடைக்கலை.

இப்ப நிலைமை மாறிடுச்சான்னா, பாதி மாறியிருக்கு. அமெரிக்காவுல சாப்ளினோட 'தி கிட்' படத்துல நடிச்ச ஜாக்கி கூகன், தான் குழந்தையா சம்பாதிச்ச பணம் காணாமப் போச்சுன்னு 1938ல் பெத்த அம்மா மேலயும் மாற்றாந்தகப்பன் மேலயும் வழக்குப் போட்டார். 1939லயே கலிபோர்னியாவில் சட்டம் வந்துடுச்சு, குழந்தையோட வருமானத்துல ஒரு பங்கைத் தனியா எடுத்து வைக்கணும்னு. நமக்கு அந்த மாதிரி விதி வர 2017 ஆச்சு. 78 வருஷம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016ல் திருத்தம் கொண்டு வந்து, 2017ல் விதிகள் போட்டாங்க. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல நடிக்க வைக்கக்கூடாது. ஓய்வில்லாம மூணு மணி நேரத்துக்கு மேல கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது. மாவட்ட ஆட்சியரோட அனுமதி வேணும். வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல தேசிய வங்கியில நிரந்தர வைப்பா இருக்கணும். நல்ல விதிகள்தான், எவ்வளவு தூரம் நடக்குதுங்கறது வேற கதை.

ஆனா விதியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அந்தச் சட்டத்துல 'குழந்தை'ன்னா பொதுவா 14 வயசு நிறையாதவங்க. 14லேருந்து 18 வரைக்கும் 'வளரிளம் பருவத்தினர்'. அவங்களுக்கு சுரங்கம், வெடிமருந்து மாதிரி ஆபத்தான தொழில்கள்தான் தடை. இந்த அஞ்சு மணி நேரம், இருபது சதவீதம் எல்லாம் அவங்களைச் சேராது. ஸ்ரீதேவி படங்களையே வெச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். இன்னிக்குச் சட்டம் அன்னிக்கு இருந்திருந்தா, 'மூன்று முடிச்சு' இந்த விதிக்குள்ள வந்திருக்கும். 'காயத்ரி' ரிலீஸ் அன்னிக்கு அவங்க விதிக்கு வெளிய. 'சிகப்பு ரோஜாக்கள்' வெளிய. 'வேட்டகாடு' வெளிய. எந்த வயசுல ஒரு பெண் குழந்தையைக் கதாநாயகியாக்கற ஆசை சினிமாவுக்கு வருதோ, சரியா அந்த வயசுல வாசற்கதவைத் திறந்து விட்டிருக்கு நம்ம சட்டம். இந்த விதிகளை 18 வரைக்கும் நீட்டணும், பெரியவங்களுக்கு ஜோடியா நடிக்க 18 ஆகியிருக்கணும்னு ஒரே ஒரு வரி சேர்க்கணும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

ஸ்ரீதேவிக்கு வருவோம். குழந்தைக்கும் கதாநாயகிக்கும் நடுவுல கிடைக்காத இடைவெளி அவங்களுக்குக் கிடைச்சது 33 வயசுல. 1997ல் 'ஜுதாயி' முடிச்சுட்டு, ரெண்டு பெண் குழந்தைகளோட வீட்டுல இருந்தாங்க. நடுவுல ஒரு டிவி தொடர். மத்தபடி சினிமா பக்கம் வர 2012 ஆச்சு. வந்த படம் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்'. நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு, வகுப்புல முதல் தடவையா உட்கார்ற ஒரு அம்மா. மிஸ் பண்ணின பள்ளிக்கூடத்தை நாப்பத்தொம்பது வயசுல சினிமாவுலயே போய்ப் பார்த்துட்டு வந்துட்டாங்கன்னு எனக்குத் தோணும். கதை எழுதினவங்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்கணும்னு இல்லை. எனக்குத் தோணும், அவ்வளவுதான்.

2018 பிப்ரவரி 24, துபாய். அந்த வாரம் செய்திச் சேனல்கள் குளியல் தொட்டியை வெச்சுப் பண்ணின அநியாயத்தை நான் திரும்ப எழுதலை. நாலு வயசுலேருந்து அவங்களைப் பார்த்துக்கிட்டே இருந்த கேமரா, செத்ததுக்கு அப்புறமும் விடலை. சில வாரங்கள்ல 'மாம்' படத்துக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை அறிவிச்சாங்க. வாங்க அவங்க இல்லை.

அந்த ஜூலையில மூத்த மகள் ஜான்வியோட முதல் படம் வந்தது. ஜான்விக்கு வயசு 21. அதே 21 வயசுல அவங்க அம்மா 'மூன்று முடிச்சு', '16 வயதினிலே', 'மூன்றாம் பிறை', 'ஹிம்மத்வாலா' எல்லாம் முடிச்சிருந்தாங்க. ரெண்டுல எது சாதனைன்னு கேட்டா, நம்ம ஊர்ல எல்லாரும் அம்மாவைத்தான் காட்டுவாங்க. நான் மகளோட 21ஐக் காட்டுவேன். அந்த வயசு வரைக்கும் அந்தப் பொண்ணை யாரோட ஜோடியாவும் நிக்க வைக்காம வளர்த்தது ஸ்ரீதேவிதான். அவங்க வாழ்க்கையைப் பத்தி அவங்க சொன்ன ஆகச் சரியான விமர்சனம் அதுதான்னு எனக்குப் படுது.

அதனால அடுத்த தடவை 'மூன்று முடிச்சு' பத்தி எழுதும்போது, வயசை எழுதுங்க. ஆச்சரியக்குறியை மட்டும் எடுத்துடுங்க.

பி.கு: "ஸ்ரீதேவியா, அவரோட போட்டியாளரா?"ங்கற சண்டையை இங்க ஆரம்பிக்காதீங்க சாமி. அதுக்குத் தனிப் பதிவு போடறேன், அங்க வந்து கும்முங்க. :-)